பார்க்காமல் தீர்ப்பிட்ட படம்

1998-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நம் பங்கின் இளைஞர் ஒருவர் ஒரு வீடியோ கேசட்டுடன் நம்மிடம் வந்தார். பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, இரவில் ஆங்கில நூல்கள் என்று வாழ்ந்தவர். ஞாயிறு மாலை பங்கு மண்டபத்தில் தொழிலாளர்க்கு அப்படத்தைப் போட்டுக் காட்டிக் கலந்துரையாட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். என்ன கதை என்று கேட்டோம். வேலை இழந்த ஆண்கள் அறுவர், பணத்துக்காக ஒரு மேடையில் ஆடை களைந்து ஆடும் கதை என்றார். அதற்குமேல் நாம் எதுவும் கேட்கவில்லை. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை நடக்கும் ஆலயத்தின் பக்கத்திலா இது என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் எதிர்த்துப் பேசவில்லை. கேசட்டை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

அந்தப் படம் ‘தி ஃபுல் மான்ட்டி’. சைமன் பியூஃபாய் எழுதி, பீட்டர் கட்டானியோ இயக்கி, 1997-இல் வெளிவந்தது. அதைக் குறித்து நாம் சொன்ன தீர்ப்பு, அதைப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு. அதை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை பதின்மூன்று ஆண்டுகள் நமக்கு எழவில்லை.

2011 சனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. ஆணை தவறன்று. நொய்யல் பட்ட பாட்டையும், ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியும் கீழேயும் உழவர்கள் இழந்த மண்ணையும் அறிந்தவர் எவரும் அதைத் தவறு என்று சொல்லார். ஆயினும் ஆற்றுக்கு நீதி கிடைத்த அன்று, ஆற்றைக் கெடுத்து ஈட்டிய பணத்தில் பங்கேதும் இல்லாத பல்லாயிரவர் வேலையற்றுத் தெருவில் நின்றனர். அவர்களுள் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர். ஒரு பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். பட்டறை மூடியதை அவர் வீட்டில் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு டிபன் கேரியருடன் புறப்படுவார். பகலெல்லாம் ரயில் நிலைய நடைமேடையில் உட்கார்ந்திருப்பார். மாலையில் வேலைக்குப் போய் வந்தவரைப் போலவே வீடு திரும்புவார். நம் ஊரில் சம்பளம் சனிக்கிழமை அல்லவா? சனிக்கிழமைதோறும் கடன் வாங்கி அதைச் சம்பளமென்று மனைவியின் கையில் கொடுத்திருக்கிறார். ஆறாம் வாரம் கடன் கொடுத்தவர் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் எல்லாம் வெளிப்பட்டது.

இந்தச் செய்தியை நமக்குச் சொன்னவர், பழைய கேசட்டு இளைஞரே. அப்போது அவர் இரண்டு பிள்ளைகளின் தந்தை. சொல்லி முடித்துவிட்டு, குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாமல், “இது அந்தப் படத்துலயே இருக்குதுங்க” என்றார். அன்றிரவு படத்தைப் பார்த்தோம்.

உண்மையிலேயே இருக்கிறது. டாம் வில்கின்சன் நடித்த ஜெரால்டு என்ற பாத்திரம் ஷெஃபீல்டு நகரின் எஃகு ஆலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். வேலை போய் ஆறு மாதங்கள் ஆகியும் மனைவியிடம் சொல்லவில்லை. கழுத்தில் டை, கையில் பெட்டியுடன் அன்றாடம் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார். அவர் போகுமிடம் வேலையற்றோர் கூடும் அலுவலகம். கடன்காரர் அனுப்பிய ஆட்கள் வந்து வீட்டுப் பொருள்களைத் தூக்கிச் செல்லும்போதுதான் அந்த அம்மையாருக்கு உண்மை தெரிகிறது. படத்தின் இறுதியில் வரும் ஆடை களைதலைப் பற்றி உலகமெல்லாம் பேசிற்று. நமக்கோ அந்தப் பெட்டிதான் மனத்தில் நின்றது. உடுத்தியிருக்கும்போதே ஒரு மனிதன் அம்மணமாக நடக்க முடியும் என்பதை நாம் நம் தெருவிலேயே கண்டிருந்தோம்.

படம் தொடங்குவது ஒரு பழைய விளம்பரச் செய்திப்படத்துடன். 1970-களின் தொடக்கத்தில் ஷெஃபீல்டைப் பெருமையோடு காட்டுவதற்காக எடுக்கப்பட்டது அது. எஃகும் புகையும் புதுக் கட்டடங்களும் மகிழ்ச்சி நிறைந்த மக்களும் அதில் தோன்றுவர். அடுத்த காட்சியில் இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. துருப்பிடித்த வெற்று ஆலைக்குள் காஸ் என்பவனும் அவன் நண்பன் டேவும் இரும்பு உத்தரம் ஒன்றைத் திருடிக்கொண்டிருக்கிறார்கள். உடன் காஸின் சிறு மகன் நேதன். மணமுறிவு பெற்ற காஸ், மகனுக்குரிய பராமரிப்புத் தொகையைக் கட்டாவிட்டால் அவனைப் பார்க்கும் உரிமையை இழப்பான். இந்நிலையில் ஊருக்கு வந்த ஓர் ஆடவர் குழுவின் ஆட்டத்தைக் காணப் பெண்கள் காசு கொடுத்துத் திரள்வதைக் கண்டு, அதுபோல நாமும் செய்தால் என்ன என்று எண்ணுகிறான். அவனோடு சேர்பவர்கள்: தற்கொலைக்கு முயன்று இவர்களால் காப்பாற்றப்பட்ட ஆலைக் காவலன் லாம்பர், இடுப்பு வலியுள்ள முதிய கறுப்பினத்தவர், ஆடத் தெரியாத ஓர் இளைஞன், ஆட்டம் கற்பிக்க ஜெரால்டு. இவர்களில் எவருக்கும் பார்ப்பவர் மயங்கும் உடற்கட்டு கிடையாது. டேவ் பருத்தவன். தன் வயிறு மெலிய வேண்டுமென்று, வீட்டுக் கொட்டகையில் தனியே உட்கார்ந்து, வயிற்றைச் சுற்றி உணவு பொதியும் மெல்லிய நெகிழித்தாளைச் சுற்றிக்கொண்டு, அப்படியே சாக்லேட் தின்கிறான். அரங்குகள் சிரித்த காட்சி அது. நமக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது.

இன்னொரு காட்சியையும் குறிப்பிட வேண்டும். ஒரு பத்திரிகையில் உள்ள பெண்ணின் படத்தைப் பார்த்து இவர்கள் வழக்கம்போல் குறை பேசுகிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே, நாளை மேடையில் நம்மையும் இப்படித்தானே பார்ப்பார்கள் என்ற எண்ணம் அவர்களுள் எழுகிறது. பெண்ணை இச்சையோடு நோக்குவது குறித்து எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். நோக்கப்படுபவளின் இடத்தில் ஆணை நிறுத்தி அதை உணரவைத்த மறையுரை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இப்படத்தை உலகம் எப்படி வரவேற்றது? முதலில் கைதட்டி வரவேற்றது. ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் இருபத்தைந்து கோடி டாலருக்குமேல் ஈட்டியது. பிரிட்டிஷ் திரைக் கழகம் ‘டைட்டானிக்’ படத்தையும் விலக்கி இதையே அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தது. காஸாக நடித்த ராபர்ட் கார்லைலுக்கும் வில்கின்சனுக்கும் விருதுகள் அளித்தது. ஆஸ்காரில் நான்கு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, ஆன் டட்லியின் இசைக்காக ஒன்றைப் பெற்றது. உதவித்தொகை வரிசையில் நிற்கும் இம்மனிதர்கள், வானொலியில் ஒரு பாடல் எழுந்ததும் தம்மையறியாமல் காலும் தோளும் அசைக்கும் காட்சி அவ்வளவு புகழ் பெற்றது. 1998-இல் ஷெஃபீல்டுக்கு வந்த இளவரசர் சார்லஸ், நடிகர்களுள் ஒருவரோடு அதே வரிசையில் நின்று அதை நடித்துக் காட்டும் அளவுக்கு அது போயிற்று. அரண்மனையிலிருந்து வந்தவர் வேலையற்றோர் வரிசையில் நின்று படத்துக்கு முகம் காட்டினார், அனைவரும் மகிழ்ந்தனர். ஒரு கலைப்படைப்பு தன் கூர்மையை இழப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

கைதட்டலுக்கிடையே வேறு குரல்களும் எழாமல் இல்லை. வேலையின்மையைச் சிரிப்பாக்கி, பார்வையாளரை மனநிறைவோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது என்றனர் சிலர். ஆண்களின் மானத்துக்காக உருகும் படம், வேலை பார்த்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களை அச்சுறுத்தும் உருவங்களாகக் காட்டுகிறது என்றனர் வேறு சிலர். பிரிட்டிஷ் தொழிலாளரின் கதைக்கு முதலிட்டு அதன் இலாபத்தை அள்ளியது ஓர் அமெரிக்க நிறுவனம் என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. இதே பொருளில் நாம் முன்பே நாடகம் எழுதியிருக்கிறோம் என்று நியூசிலாந்து எழுத்தாளர் இருவர் வழக்குத் தொடுத்ததும் உண்டு.

படத்தின் பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ‘ஒன்றும் விடாமல் முழுதும்’ என்பது அத்தொடரின் பொருள். அது எப்படிப் பிறந்தது என்பதற்குப் பல கதைகள் உலவுகின்றன, எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. அவற்றுள் ஒன்று, மான்டேகு பர்ட்டன் என்ற தையல் வணிகரின் கடையில் மேற்சட்டை, உட்சட்டை, கால்சட்டை எனக் குறைவின்றி முழு உடுப்பும் வாங்குவதையே அது குறித்தது என்கிறது. அக்கதை உண்மையானால், முழு நிர்வாணத்துக்கு வந்த பெயர் முழு உடையிலிருந்து வந்ததாகும். பனியன் தைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை இரசிக்காமல் இருக்க முடியவில்லை.

இனி நம் பக்கத்துக் கேள்விக்கு வருவோம். 1998-இல் நாம் மறுத்தது சிலுவைப்பாதையின் பெயரால். அந்தச் சிலுவைப்பாதையின் பத்தாம் நிலை எது? ஆண்டவருடைய ஆடைகளை உரிந்தார்கள் என்பதல்லவா? ஆண்டுதோறும் அந்த நிலையில் முழங்கால் இடுகிறோம், எழுகிறோம், பதினொன்றாம் நிலைக்கு நகர்கிறோம். அவருடைய அங்கி தையலில்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக இருந்தது என்று யோவான் நுணுக்கமாகக் குறிப்பிடுகிறார். அதை நம் ஊரார்க்கு விளக்கவே வேண்டியதில்லை. வட்டமாகச் சுழலும் நிட்டிங் மெஷினிலிருந்து பக்கத் தையலே வேண்டாத குழாய்த்துணி இறங்குவதை அன்றாடம் காண்பவர்கள் அவர்கள். அத்தகைய துணியைக் கிழித்தால் வீணாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். படைவீரர்க்கும் தெரிந்திருந்தது, ஆகவே சீட்டுப் போட்டார்கள். உடையின் மதிப்பை அறிந்த அளவு உடையவரின் மதிப்பை அவர்கள் அறியவில்லை.

ஆடை உரியப்படுவது ஒன்று. ஆடையைத் தானே களைவது மற்றொன்று. துணி வணிகரின் மகனான அசிசி பிரான்சிசு, ஆயர் முன்னிலையில், ஊரார் காண, உடுத்தியிருந்ததையெல்லாம் களைந்து தந்தையிடமே ஒப்படைத்தார். அதைப் புனிதச் செயல் என்கிறோம். ஷெஃபீல்டு மனிதர்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள். ஆலையும் கூலியும் கணவன், தந்தை என்ற நிலையும் ஒவ்வொன்றாய் அவர்களிடமிருந்து பிறரால் உரியப்பட்டன. எஞ்சிய கடைசித் துணியையாவது தம் கையாலேயே களையலாம் என்று மேடை ஏறுகிறார்கள். இதைப் பிரான்சிசின் செயலோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் பதற வேண்டாம். அவர்கள் புனிதர்கள் அல்லர், காசுக்காக ஆடியவர்கள். ஆனால் அந்த மேடையை அடையும்போது அது காசைக் கடந்த ஒன்றாகிவிடுகிறது. ஜெரால்டுக்கு அதற்குள் வேறு வேலை கிடைத்துவிட்டது. இருந்தும் ஆட வருகிறார். பார்வையாளரில் ஆண்களும் இருப்பதைக் கண்டு கடைசி நேரத்தில் பின்வாங்கும் காஸை, மகன் நேதன் அதட்டி மேடைக்கு அனுப்புகிறான். அரங்கைப் பிடிக்கத் தன் அஞ்சலகச் சேமிப்பிலிருந்து நூறு பவுன் எடுத்துக் கொடுத்தவனும் அச்சிறுவனே. திருப்பித் தருவேன் என்று தந்தை சொல்லியிருந்தான். சொன்னதால் மகன் நம்பினான். அந்த நம்பிக்கைக்கு முன்னால் அந்த மனிதனுக்கு வேறு வழியில்லாமற் போகிறது.

உடலைக் கண்டு அஞ்சுவது நம் திருச்சபையின் வரலாற்றில் புதிதன்று. சிஸ்டைன் ஆலயத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய இறுதித் தீர்வையில் இருந்த நிர்வாண உருவங்களுக்கு 1565-இல் வோல்தெர்ரா நகர் தானியேல் என்ற ஓவியர் துணி தீட்டி மறைத்தார். அதனால் அவருக்குக் ‘கால்சட்டைக்காரர்’ என்ற பட்டப்பெயர் வாய்த்தது. திருப்பூரில் பிறந்திருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார். அவ்வோவியம் புதுப்பிக்கப்பட்டபோது பிற்காலத்தில் சேர்த்த சில துணிகள் நீக்கப்பட்டன. 1994 ஏப்ரல் 8 அன்று அதைத் திறந்துவைத்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், அவ்வாலயத்தை மனித உடலின் இறையியலுக்கு உரிய திருத்தலமாகவே போற்றினார். அது நாம் கேசட்டைத் திருப்பி அனுப்புவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. மறையுரையை நாம் படித்திருந்தோம். படித்தது தலைக்கு ஏறியிருந்தது, கைக்கு இறங்கவில்லை.

எல்லா நிர்வாணமும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நம் நாட்டிலேயே ஒரு படம் உண்டு. சாயப்பட்டறைகள் மூடிய அதே 2011-இல், நவம்பரில், ‘தேசி பாய்ஸ்’ என்ற இந்திப் படம் வெளிவந்தது. ரோகித் தவன் இயக்க, அக்ஷய் குமாரும் ஜான் ஆபிரகாமும் நடித்தனர். பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்து இலண்டனில் வாழும் இரு நண்பர்கள், பெண்களை மகிழ்விக்கும் ஆட்டக்காரத் துணைவர்களாகப் போகிறார்கள். இங்கும் ஒரு சிறுவனை வளர்க்கும் உரிமை பறிபோகிறது. கதையின் எலும்பு ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் விமர்சகர் பலர் அதை ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. காரணம் ஆடை குறைந்ததன்று. அவ்விருவரின் உடலும் உடற்பயிற்சிக் கூடத்தில் செதுக்கியவை; வறுமை அவற்றைத் தொட்டதே இல்லை. வெட்கப்பட ஒன்றுமில்லாதவர் ஆடையைக் களைந்தால் அது வெறும் விளம்பரம். பனியன் பெட்டியின்மேல் அச்சிடும் படத்துக்கும் அதற்கும் என்ன வேற்றுமை? மறு ஆண்டு வந்த ‘மேஜிக் மைக்’ என்ற அமெரிக்கப் படத்திலும் கட்டுடல்கள்தாம். ஆனால் அதன் நாயகன் மேடையில் சேர்த்த ரூபாய் நோட்டுப் போன்ற கசங்கிய டாலர்க் கட்டுகளோடு, மரச்சாமான் தொழில் தொடங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறான், வங்கி மறுத்துவிடுகிறது. இயக்குநர் ஸ்டீவன் சோடர்பர்க் அந்த ஒரு காட்சியால் படத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

‘தி ஃபுல் மான்ட்டி’யின்மேல் நமக்குள்ள குறையையும் மறைக்க வேண்டியதில்லை. படம் முழுவதிலும் ஆலையை மூடியவர் யார் என்பதற்கு ஒரு முகம்கூட இல்லை. 1980-இல் பதின்மூன்று வாரங்கள் நடந்த எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நினைவு அந்நகரில் இருந்திருக்க வேண்டும், படத்தில் இல்லை. பஞ்சப்படிக்காக 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் கண்ட ஊர் நம்முடையது. அதை மறந்துவிட்டுத் திருப்பூர்த் தொழிலாளியைப் பற்றி ஒருவர் படம் எடுத்தால் நாம் என்ன சொல்லுவோம்? பெண்களைப் பற்றிய குற்றச்சாட்டும் ஓரளவு உண்மையே. காஸின் முன்னாள் மனைவி தன் தொழிற்சாலையில் அவனுக்குக் குறைந்த கூலியில் ஒரு வேலை தருவதாகச் சொல்கிறாள், அவன் மறுக்கிறான். அந்தக் கூலிக்கு அங்கே நாளெல்லாம் நிற்கும் பெண்களின் பக்கம் கேமரா திரும்பவே இல்லை. 2011-இல் நம் வீடுகளில் அடுப்பெரிந்தது யாருடைய கூலியில்? செக்கிங்குக்கும் கைமடிக்கும் போன பெண்களின் கூலியில். ஆணின் வெட்கத்துக்குக் கதை உண்டு; அவளுடைய களைப்புக்குக் கதை எழுதுவார் இல்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்கின்மேல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபின், ஆர்டர்கள் நின்று ஷிப்டுகள் குறைந்த நாள்களில், பழைய நண்பர் மீண்டும் கேட்டார். இம்முறை மறுக்கவில்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்துப் பங்கு மண்டபத்தில் காட்டினோம். நாற்பது பேர் போல வந்திருந்தனர். உலகமே சிரித்த அந்த வரிசைக் காட்சியில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. “வேலை இல்லாதவங்களுக்கு கவர்மெண்டு காசு குடுக்குமாங்க?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி கேட்டார். விளக்கினோம். அதன்பின் சற்று நேரம் படத்தைவிட அதைப் பற்றியே பேச்சு நடந்தது.

முடிவில் ஆட்டக்காரர்கள் பார்வையாளருக்கு முன்னால் நிற்க, நமக்கு முதுகு மட்டும் தெரிய, படம் உறைந்து நின்றுவிடுகிறது. விளக்கைப் போட்டதும் ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர் ஒருவர் எழுந்தார். “சரிங்க, ஒரு ராத்திரிக்குக் காசு வந்துது. அடுத்த சனிக்கிழமைக்கு என்ன பண்ணுனாங்க?”

எத்தனையோ விமர்சகர்கள் எழுதியதை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். பியூஃபாயும் அக்கேள்வியை விட்டுவிடவில்லை போலும். அவருடைய பங்களிப்புடன் அதே நடிகர்கள் 2023-இல் எட்டுப் பகுதிகள் கொண்ட தொடரில் திரும்பி வந்தார்கள். காஸ் மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் பணியாளன். டேவ் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறான். இடுப்பு வலிக்காரர் அரசு உதவித்தொகைக்காக அலைக்கழிக்கப்படுகிறார். இதையெல்லாம் கட்டிங் மாஸ்டரிடம் சொன்னோம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்.

நம் சாயப்பட்டறை நண்பர் அன்று வரவில்லை. அழைத்திருந்தோம். இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலையில் இருக்கிறார். இரவு ஷிப்ட் என்று சொல்லியனுப்பினார்.